பேடி வந்தாள்: திருநர் வாழ்வு, உரிமை, சிரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பழந்தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவள். திருநங்கை. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ஆட்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வாசலில் தயங்கி நிற்கும் மாணவர் கேட்பார், கருத்தரங்கின் டீ இடைவேளையில் பேராசிரியர் கேட்பார், ரயிலில் எதிர் இருக்கை அம்மா கேட்பார். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

திருநங்கை, திருநம்பி, திருநர், அரவாணி: எதைச் சொல்ல வேண்டும்?

பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும், இந்த இரண்டுக்குள்ளும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்ல திருநர். கூவாகம் கூத்தாண்டவராகிய அரவானை மணப்பவர் என்ற பொருளில் வந்தது அரவாணி. மூத்தவர்கள் சிலர் இன்றும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். சட்டத்தாள்களில் 'மூன்றாம் பாலினம்' என்று இருக்கும். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. முதலாவது யார், இரண்டாவது யார் என்று யாரும் சொல்வதில்லை, எண் போடுவது நமக்கு மட்டும்தான்.

'அலி', 'ஒம்போது' இரண்டும் வசைச் சொற்கள். 'பேடி' பழைய நூல்களில் இலக்கணச் சொல், இன்றைய பேச்சில் வசை. தலைப்பிலும் கீழேயும் அது வருவது உரையாசிரியர்களின் எடுத்துக்காட்டாகவும் நூல்களின் சொல்லாகவும் மட்டுமே.

தொல்காப்பியத்தில் திருநங்கைகள் இருக்கிறார்களா?

இன்றைய பொருளில் 'திருநங்கை' என்ற அடையாளம் அங்கே இல்லை. ஆனால் ஆண் என்று கொள்ளப்பட்டு, ஆணாக நிற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வினைமுற்றுப் போடுவது என்று தொல்காப்பியர் கவலைப்பட்டிருக்கிறார். கடவுள் வாழ்த்திலோ கதையிலோ அவர்கள் வரவில்லை, சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே வருகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

அந்த முதல் இயலான கிளவியாக்கத்தின் முதல் நூற்பா உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது: மக்கள் என்று சுட்டப்படுபவர் உயர்திணை, மற்றவை எல்லாம் அஃறிணை. அடுத்த சில நூற்பாக்களுக்குள், நான்காவதிலேயே, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' வந்துவிடுகிறது. இவர்களுக்கென்று தனியாக ஒரு விகுதி இல்லை, உயர்திணையின் விகுதிகளையே கொண்டு பால் பிரிந்து வருவார்கள் என்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு: பேடி வந்தாள், பேடியர் வந்தார். பன்னிரண்டாவது நூற்பா இன்னும் கறாரானது:

'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி
ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே.'

ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர், ஆணை அறிவிக்கும் சொல்லோடு சேராது. அதாவது 'பேடி வந்தான்' என்று சொல்லக் கூடாது, அது வழு.

முதுகலை முதல் ஆண்டில் இதை வகுப்பில் உரக்கப் படிக்கும் முறை எனக்கு வந்தது. அப்போது என் பெயர் வேறு. சட்டை, பேன்ட், ஒட்ட வெட்டிய முடி. படித்து முடித்ததும் ஆசிரியர் 'அடுத்தவன் படிடா' என்றார். நான் உட்காரவில்லை. அந்த இரண்டு அடிகளை விரலால் தொட்டபடி நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடங்களாக எல்லாரும் எனக்குப் போட்டுவந்த விகுதி பிழை என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார், அதுவும் தமிழின் மிகப் பழைய இலக்கண நூலில். அன்று இரவு விடுதி மொட்டைமாடியில் அந்த நூற்பாவை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

திருநம்பிகளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

தொல்காப்பியத்தில் இல்லை. நன்னூலில் ஒரு வரி இருக்கிறது. பெயரியலில் பவணந்தி, 'பெண்மை விட்டு ஆண் அவாவுவ பேடு ஆண்பால்' என்கிறார். ஆண்மை விட்டு மற்றதை அவாவுவது பெண்பால். அவாவுதல் என்றால் விரும்புதல். ஒருவருடைய பால் அவர் எதை விட்டார், எதை விரும்பினார் என்பதைக் கொண்டு அமைகிறது. உடலைச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஒரு சமண முனிவர் இதை எழுதியிருக்கிறார் என்பதை நான் ஒவ்வொரு ஆண்டும் வியப்போடுதான் நடத்துகிறேன்.

ஆனால் மூன்றாவது அடியையும் படிக்க வேண்டும். இரு வகையினரும் அஃறிணை போலவும் ஆவர் என்று அது முடிகிறது. 'அவாவுவ' என்ற சொல்லே பலவின்பால் விகுதியோடுதான் நிற்கிறது, மாடுகள் மேய்வன என்பதைப் போல. ஒரு கையால் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுகையால் மனிதத் திணையைத் தளர்த்திவிட்டார். மேடைகளில் முதல் இரண்டு அடிகளை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது அடிதான் இன்றும் தெருவில் 'அது வருது பாரு' என்று கேட்கிறது.

அப்படியென்றால் பழந்தமிழர் திருநரை மதித்தார்களா இல்லையா?

சரி, இதற்கு நேராகவே சொல்கிறேன். நூலில் விகுதி கொடுத்தார்கள் என்பதால் வீட்டில் சோறு போட்டார்கள் என்று ஆகாது. வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். முயற்சி இல்லாதவனின் கொடைத்தன்மை, பேடி கையில் உள்ள வாள் போலப் பயன்படாது என்கிறது 614ஆம் குறள். அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூலும் அப்படித்தான் என்கிறது 727. இரண்டிலும் கோழைத்தனத்துக்கு அளவுகோலாக நம்மைத்தான் நிறுத்துகிறார். நான் குறளை நேசிக்கிறேன், இந்த இரண்டு குறளும் எனக்கு வலிக்கின்றன. இரண்டையும் ஒளிக்காமல்தான் நடத்துகிறேன்.

பொற்காலம் ஒன்று இருந்தது, அதை வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். வெள்ளைக்காரன் கெடுத்தது உண்மைதான். 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டத்தில் 'யூனக்' (ஆண்மையற்றவர்) என்ற பெயரில் ஒரு தனிப் பகுதியே போட்டு, பெயர்ப் பதிவேடு வைக்கச் சொன்னார்கள். பெண் உடையில் பொது இடத்தில் ஆடினால் சிறை. வட இந்தியாவில்தான் அதைக் கடுமையாக நடத்தினார்கள். ஆனால் எல்லா அவமதிப்பும் கப்பலில் வந்து இறங்கியதல்ல.

சிலப்பதிகாரத்தில் வரும் பேடு ஆடல் என்ன?

கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று. ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் ஆடியது என்கிறார் இளங்கோ. வாணாசுரனின் நகரத்தில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்க ஆடியது என்பது கதை.

மணிமேகலையில் இதே ஆடல் புகார் நகரத் தெருவில் நடக்கிறது. மலர்வனத்துக்குப் பூப்பறிக்கப் போகும் மணிமேகலையைப் பின்தொடர்ந்தால், வழியில் கூட்டம் கூட்டமாக மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு கூட்டம் பேடிக் கோலத்தைப் பார்க்கிறது. சாத்தனார் அந்தக் கோலத்தை நிதானமாக வரைகிறார்: சுருண்ட தாடி, பூங்கூந்தல், பவள வாய், வெண்பல், நீண்ட கண், காதில் வெண்தோடு, பிறை நெற்றி, காந்தள் போன்ற சிவந்த கை. தாடியில் தொடங்கித் தோட்டுக்கு வருகிறார், இரண்டும் ஒரே முகத்தில். அந்த வரிகளில் ஏளனச் சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு பெண்ணைப் பாடும்போது வரும் அதே பவளம், அதே காந்தள். தாடி மட்டும் கூடுதல்.

இது வேடம், நடிகனின் கோலம். ஒரு திருநங்கையின் வாழ்க்கைச் சித்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் தெருவில் கூடிய ஒரு கூட்டம் இப்படிப்பட்ட முகத்தைச் சிரிக்காமலும் பார்க்க முடிந்தது என்பதற்கு ஒரு பெரும் புலவர் எழுத்தில் சான்று கிடைத்திருக்கிறது.

திரைப்பட காமெடியை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள்? சும்மா சிரிக்கத்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

தொல்காப்பியர் சிரிப்பை அற்பமாக நினைக்கவில்லை. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அது நான்கு இடங்களில் பிறக்கும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். குழந்தை மழலை பேசினால் சிரிக்கிறோம், அது இளமை. அறியாமையில் ஒருவர் செய்வது, சொன்னதை அப்படியே நம்புவது ஆகியவை மற்ற இரண்டு. எள்ளல் என்பது இகழ்ச்சி. இதற்கு உரை எழுதிய பேராசிரியர் (அந்தப் பழைய உரையாசிரியரின் பெயரே அதுதான்), எள்ளல் இரண்டு வகை என்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று.

அந்த இரண்டாவது வகையை நான் ஒரு பேருந்தில் கற்றுக்கொண்டேன். மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பயணம். முன்னால் டிவியில் படம் ஓடுகிறது. அப்போதுதான் முடி வளர்க்க ஆரம்பித்திருந்தேன், காதில் கடுகளவு ஒரு தோடு. நகைச்சுவை நடிகர் ஒரு பெண்ணின் பின்னால் போகிறார், அவர் திரும்புகிறார், குரல் கட்டையாக வருகிறது, இசை மாறுகிறது, நடிகர் தலைதெறிக்க ஓடுகிறார். பேருந்தே சிரித்தது. பக்கத்து இருக்கையில் அப்பாவின் மடியில் ஐந்து வயதுப் பையன். அவனுக்கு அந்தக் காட்சி புரியவில்லை. அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தான். அவர் சிரிக்கிறார் என்று தெரிந்த பிறகு அவனும் சிரித்தான். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தோட்டைக் கையால் மூடிக்கொண்டு, நானும் சிரித்தேன்.

பேராசிரியர் எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்த வகைக் காட்சிகளை ஒரு இலக்கண ஆசிரியையாகக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பு வெடிக்கும் இடம் பெரும்பாலும் ஒரு விகுதிதான். 'வர்றா' என்று இருந்தது 'வர்றான்' என்று மாறும். அல்லது 'வருது' என்று ஆகும். ஆளே திணை மாறிப்போகும். தொல்காப்பியர் எந்த வினைமுற்றை வழு என்று விலக்கினாரோ அதுதான் அங்கே நகைச்சுவை. படம் முடிந்து வெளியே வருபவர் வேறு எதை மறந்தாலும் அந்த விகுதியை மறக்க மாட்டார். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், காவல் நிலையத்தில் அது திரும்பி வரும்.

அப்படியென்றால் திருநரை வைத்து நகைச்சுவையே செய்யக் கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். வில்லிபாரதத்தின் விராட பருவத்தைப் பாருங்கள். அர்ச்சுனன் பேடி வடிவில் பிருகன்னளையாக, விராடன் மகளுக்கு நடனம் சொல்லித் தருகிறான். கௌரவர் பசுக்களைக் கவர்ந்து போனதும், இளவரசன் உத்தரன் அந்தப்புரத்தில் நின்று வாய்வீரம் பேசுகிறான், தேரோட்ட ஆள் மட்டும் இருந்தால் போதும் என்கிறான். பிருகன்னளை தேரோட்டுகிறாள். படையைக் கண்டதும் உத்தரன் குதித்து ஓடுகிறான். பிருகன்னளை விரட்டிப் பிடித்து இழுத்து வந்து தேரில் போடுகிறாள்.

தெருக்கூத்தில் இந்தக் காட்சிக்கு விடிய விடியச் சிரிப்பு உண்டு. யாரைப் பார்த்து? உத்தரனை. அவன் ஆண்பிள்ளைத்தனத்தை, அவன் வாயை. புடவை கட்டியவர் சிரிப்புக்குப் பொருளாகவில்லை, அவர் குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். (அர்ச்சுனன் ஓராண்டுக்குப் பின் ஆணாகத் திரும்பிவிடுகிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.) இன்று திரைக்கதை எழுதுகிறவர்கள் உத்தரனை எழுதட்டும், நாங்களும் டிக்கெட் வாங்கி வந்து சிரிப்போம்.

திருநங்கைகளே தங்களுக்குள் பயங்கரமாகக் கிண்டல் செய்துகொள்கிறார்களே?

ஆமாம். எங்கள் வீடுகளில் கேட்கும் சிரிப்பு மாதிரி நான் வேறெங்கும் கேட்டதில்லை. பெற்ற வீட்டை விட்டு வந்த பெண்ணை மூத்தவர் ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்வார். இளையவர் வந்ததும் 'பாம்படுத்தி' சொல்லி வணங்குவார். அடுத்த நொடியே புடவைக் கட்டைப் பற்றி ஒரு கிண்டல் வரும். அது எள்ளல்தான் என்றாலும் அங்கே யாருடைய விகுதியும் பறிபோவதில்லை.

என்னை மகளாக ஏற்ற அம்மாவோடு ஒருமுறை ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, 'இது இருக்கட்டும், ஒரிஜினல் பேர் என்ன?' என்றார். அம்மா சட்டென்று சொன்னார்: 'இதுதான் தம்பி ஒரிஜினல். ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல இருக்கறது ஜெராக்ஸ்.' வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், கவுன்டரில் இருந்தவரும் சிரித்துவிட்டார். பிறகு பேசாமல் முத்திரை குத்தினார்.

இந்தத் திறமையைக் கலையாகவே கற்றவர்களும் உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யா மொழியியல் படித்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர், இங்கிலாந்து போய்க் கோமாளிக் கலை பயின்றார், நண்பர்களோடு சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். திருநர் தாங்களே எழுதி, தாங்களே நடித்து, எங்கே சிரிக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்த மேடை அது.

சட்டப்படி இன்று என்ன உரிமை இருக்கிறது?

அடித்தளம் 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் கொடுத்த தீர்ப்பு. ஒருவர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை அவரே சொல்லலாம், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாக வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது. நன்னூலின் 'அவாவுவ'வை நான் நினைத்துக்கொண்டேன், இந்த முறை அஃறிணை இல்லாமல். தற்செயலாக அதே ஏப்ரல் 15, 2008இல்தான் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. இங்கே அந்த நாளைத் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

2019இல் நாடாளுமன்றம் திருநர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வேலையிலும் படிப்பிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்றது, நல்லது. ஆனால் அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் போகச் சொன்னது. ஆண் என்றோ பெண் என்றோ சான்றிதழ் வேண்டுமானால் அறுவைச் சிகிச்சைச் சான்று கேட்டது. திருநருக்கு எதிரான பாலியல் வன்முறைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுதான் சிறை என்று வைத்தது. ஒரு பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் அன்றைய விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு போங்கள், சட்டம் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

திருமணம் செய்துகொள்ள முடியுமா?

திருநங்கை ஓர் ஆணை மணக்கலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிவிட்டது. ஒரு சொல்லுக்கு நீதிபதி உரை எழுதிய வழக்கு அது. அதே தீர்ப்பில், இடைபாலினக் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, தேவையில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசும் அந்த ஆண்டே அதற்கு ஆணை போட்டது.

வேலை?

கதவு திறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வழக்குப் போட்டுத்தான். பிரித்திகா யாஷினி காவல்துறை உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கென்று ஒரு கட்டம் இல்லை. உயர் நீதிமன்றம் வரை போராடி, 2015இல் ஆணை பெற்று, 2017இல் பணியில் சேர்ந்தார். ஒரு கட்டம் போடாததற்கு அத்தனை அலைச்சல். இடஒதுக்கீட்டில், எல்லாச் சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனிப் பங்கு வைக்கும் கிடைமட்ட முறையைத்தான் கேட்கிறோம். தலித் திருநங்கை சாதியையோ பாலினத்தையோ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை கூடாது.

தெரியாமல் 'வந்தான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

'வந்தாங்க' என்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் பிறகு நான்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். திருநங்கையா திருநம்பியா என்று தெரியாவிட்டாலும் 'வாங்க', 'இவங்க' போதும். தமிழில் இந்த வசதி இருக்கிறது.

என் பிள்ளை, தான் திருநங்கை என்று சொல்லிவிட்டான். நான் என்ன செய்யட்டும்?

வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு. படிப்பை நிறுத்தாதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள், அவசரமாகப் பெண் பார்க்காதீர்கள். பிள்ளை சொல்லும் பெயரை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். என் அம்மா அதற்கு ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொன்னபோது குரல் கம்மியது, ஆனால் சொன்னார்.

தமிழாசிரியர்கள் இந்த நூற்பாவை வகுப்பில் எப்படி நடத்துவது?

தாண்டிப் போகாதீர்கள். பலர் 'இது தேர்வுக்கு வராது' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சூத்திரத்தைச் சொல்லுங்கள், எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள், பிறகு குறள் 614ஐயும் எழுதுங்கள். மாணவர்கள் தாங்களே பேச ஆரம்பிப்பார்கள்.

போன ஆண்டு நான் 'பேடி வந்தாள்' என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். மூன்று மாதமாக வாய் திறக்காதவன். 'அம்மா, வந்தான்னு எழுதினா மார்க் போயிடுமா?' என்றான்.

'போயிடும்' என்றேன். 'தொல்காப்பியரே குறைச்சிடுவார்.'

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து நோட்டில் எதையோ திருத்தி எழுதினான்.